யாருக்குத் தேவையற்றது?

ஹைதராபாத்தில் புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வீடு வந்து சேர்ந்த சில மாதங்களுக்குள் அதிலிருந்து சில உறுப்புகள் விடைபெற்றுவிடுகின்றன. முதலில் போவது சாரி கார்டு. அடுத்ததாகப் பின் மட்கார்டின் நீண்ட கீழ்ப்பகுதி கழற்றப்படுகிறது. புத்லிபௌலியிலோ ராணிகஞ்சிலோ வாங்கிய 'டெயில் டைடி' என்னும் குட்டைத் தகடு அந்த இடத்தைப் பிடிக்கிறது. நம்பர் பிளேட் அதில் ஏறிக்கொள்கிறது, இண்டிகேட்டர்களும் ஏறிக்கொள்கின்றன. மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு மட்டும் புதிய தகட்டில் இடமிருப்பதில்லை. அது மெக்கானிக்கின் பழைய டப்பாவுக்குப் போகிறது. ஏன் என்று கேட்டால் கிடைக்கும் விடை ஒரே சொல்தான்: தேவையற்றது.

வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் திளைக்கும் பதினெட்டு வயது இளைஞர் இச்சொல்லைச் சொன்னால் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடலாம். பல்கலைக்கழக வளாகங்களின் வண்டி நிறுத்துமிடங்களிலும் இதே காட்சிதான் என்பதே கவலைக்குரியது. பிரதியின் மௌனங்களை வாசிக்கவும், விளிம்புக்குத் தள்ளப்பட்டதை மையத்துக்குக் கொண்டுவரவும் பயிற்சி பெற்றவர்கள், தம் வண்டியின் விளிம்பில் இருந்த ஒரு கையகல வில்லையை வாசிக்கத் தவறுகிறார்கள். தவறியதோடு நில்லாமல், அதற்குக் கோட்பாடும் கற்பிக்கிறார்கள். அக்கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கு முன், அந்த வில்லை என்ன செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சாதாரணக் கண்ணாடி தன்மேல் சாய்வாக விழும் ஒளியை வேறு திசைக்கு அனுப்பிவிடும். ரிஃப்ளெக்டர் அப்படியன்று. அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக்கின் உட்புறம் முழுவதும் கனசதுரத்தின் மூலையைப் போன்ற நுண்ணிய வடிவங்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் மூன்று முகங்களிலும் மோதித் திரும்பும் கதிர், தான் வந்த வழிக்கு இணையாகவே வெளியேறும். சற்றுச் சாய்ந்து வந்தாலும் இவ்விதி மாறுவதில்லை. ஆகவே பின்னால் வரும் லாரியின் முகப்பு விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி, அந்த லாரியை நோக்கியே திரும்புகிறது. விளக்குக்குச் சற்று மேலே அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணில் அது சிவந்த புள்ளியாகத் தெரிகிறது. சாலையோரத்தில் நிற்பவருக்கு அதே கணத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை.

இதிலிருந்து ஓர் எளிய உண்மை பெறப்படுகிறது. டெயில் லேம்ப் எரிகிறதா என்பதைப் பின்சுவரில் படியும் செம்மையைக் கொண்டு உரிமையாளர் அறியலாம். ஹாரனைக் காதால் அறியலாம். பிரேக்கைக் காலால் அறியலாம். ரிஃப்ளெக்டர் வேலை செய்வதை மட்டும் தன் இருக்கையில் அமர்ந்தபடி அவர் ஒருபோதும் காண இயலாது. அது அவரைப் பார்த்துப் பேசும் உறுப்பே அன்று. அவர் முகம் அறியாத ஒருவருக்கு, அவர் முதுகுக்குப் பின்னால், அவர் சார்பில் விடை சொல்லும் உறுப்பு. அதன் பயனை நேரில் கண்டறிய வாய்ப்பே இல்லாத ஒருவர் அதைத் தேவையற்றது என்று தீர்ப்பெழுதுகிறார் என்பதுதான் இங்குள்ள முரண்.

இந்தத் தீர்ப்புக்கு மொழியும் துணைபோகிறது. 'எனக்கு இது தேவையில்லை' என்னும் வாக்கியத்தில் தேவை யாருடையது என்பது வெளிப்படை. நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு அந்த ஆளைக் கையோடு பிடித்து நிறுத்துகிறது. இதையே 'தேவையற்ற ரிஃப்ளெக்டர்' என்று பெயரெச்சத் தொடராக்கும்போது அந்த ஆள் நழுவிவிடுகிறார். யாருக்குத் தேவையற்றது என்ற கேள்வி எழாமலே, தேவையின்மை அப்பொருளின் பிறவிக் குணம்போல் ஒட்டிக்கொள்கிறது. ஒருவருடைய விருப்பம் உலகத்தின் இயல்பாக உருமாறுவது இப்படித்தான். அகற்றப்பட்ட அந்த உருபை மீட்டு வைத்தால் வாக்கியம் வேறாகிவிடும்: வண்டியின் உரிமையாளருக்குத் தேவையற்றது, பின்னால் வருபவருக்குத் தேவையானது. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களில் கொடையும் உண்டு, பகையும் உண்டு. பின்வருபவருக்கு இவ்விரண்டில் எதை விட்டுச்செல்வது என்பதே கேள்வி.

சட்டம் இதில் குழப்பமின்றிப் பேசுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் பின்புறத்திலும் குறைந்தது ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்கிறது. 'குறைந்தது ஒன்று' என்னும் தொடர் கவனிக்கத்தக்கது. எல்லா ரிஃப்ளெக்டர்களும் புனிதமானவை என்று அவ்விதி சொல்லவில்லை. எல்லாமே அலங்காரம் என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவின் 108-ஆம் கூட்டரசுத் தரவிதி பக்கவாட்டிலும் ரிஃப்ளெக்டர்களைக் கட்டாயமாக்குகிறது; முன்பகுதியில் ஆம்பர், பின்பகுதியில் சிவப்பு. வேறு நாட்டு விதிக்காகப் பொருத்தப்பட்டு இங்கும் வந்து சேர்ந்த பக்கவாட்டு வில்லைகள், விற்பனையகம் தன் பெயரோடு ஒட்டித்தந்த பளபளப்புத் துண்டுகள் ஆகியவற்றை நீக்க விரும்புவோர் தாராளமாக நீக்கலாம். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, தூண்டில் நரம்பை இடையில் செலுத்தி அறுத்து, எஞ்சிய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் பெயின்ட் கெடாது. நட்டு போட்டு இறுக்கியவை என்றால், கழற்றிய துளையை ரப்பர் அடைப்பால் மூடவேண்டும். இல்லையேல் இரும்பு மட்கார்டு முதல் மழைக்காலத்திலேயே துளையின் விளிம்பிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். இந்த அளவில் அழகுணர்ச்சிக்கு எவரும் தடை சொல்லவில்லை. தடை, கடைசியாக எஞ்ச வேண்டிய அந்த ஒன்றைத் தொடுவதற்குத்தான்.

இனி வாதங்களுக்கு வரலாம். முதலாவது, தொழில்நுட்பத்தின் பெயரால் சொல்லப்படுவது. 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் விளக்கு தானாக எரிகிறது. டெயில் லேம்பும் எல்.இ.டி. ஆகிவிட்டது, பிறகு ரிஃப்ளெக்டர் எதற்கு என்பார்கள். வாதத்தின் ஓட்டை அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது: எஞ்சின் ஓடும்போது. ரிஃப்ளெக்டரின் வேலை தொடங்குவதே எஞ்சின் நின்ற பிறகுதான். பெட்ரோல் தீர்ந்து விஜயவாடா நெடுஞ்சாலையின் ஓரத்தில் தள்ளிச்செல்லப்படும் வண்டி, சேவெள்ளாவுக்குப் போகும் ஆலமரச் சாலையில் பஞ்சராகி நிற்கும் வண்டி, மோதி விழுந்து பேட்டரித் தொடர்பு அறுந்து கிடக்கும் வண்டி ஆகியவற்றுக்கு எல்.இ.டி.யால் என்ன பயன்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒன்றரை நொடி போனால் 25 மீட்டர் போய்விடும்; பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க ஏறக்குறைய இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். இருட்டில் நிற்கும் கறுப்பு வண்டி தாழ்விளக்கின் ஒளியில் புலப்படும் தூரத்துக்கும், சிவப்புப் புள்ளி மின்னித் தெரியும் தூரத்துக்கும் இடையில்தான் ஓர் உயிர் இருக்கிறது.

மின்சாரம் இன்றி வேலை செய்வது என்பதன் பொருளை இந்தியர்கள் அண்மையில் நிலவிலேயே கண்டார்கள். சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கி 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவைத் தொட்டது, செப்டம்பரில் அதன் கருவிகள் உறங்கிப்போயின, மீண்டும் எழவில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் ஒன்று லேசர் கதிரை அனுப்பியபோது, விக்ரமின் மேலிருந்த ரிஃப்ளெக்டர் தொகுதி அக்கதிரைத் திருப்பி அனுப்பியது. வெறும் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அத்தொகுதிக்குப் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. கலம் செயலிழந்த பின்னும் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல அதனால் முடிந்தது. அன்று அச்செய்தியைப் பெருமையோடு பகிர்ந்தவர்கள், தம் வண்டியின் பின்புறத்தில் இருந்த அதன் ஏழை உறவினரையும் ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

இதே வாதத்தின் இன்னொரு கிளை, நம்பர் பிளேட்டே ஒளி திருப்பும் தாளால் ஆனதுதானே என்று கேட்கும். உண்மைதான். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர்பாதுகாப்புப் பதிவுப் பலகை ஒளியைத் திருப்பும். ஆனால் சாலையின் நிறங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு: வெண்மை முன்புறம், சிவப்பு பின்புறம். இருளில் தோன்றும் வெண்மை, எதிர்வருகிறதா முன்செல்கிறதா என்பதைச் சொல்லாது. சிவப்பு அதை ஐயமின்றிச் சொல்லும். மேலும், மட்கார்டை வெட்டியவர் நம்பர் பிளேட்டை இருக்கைக்கு அடியில் வானம் பார்க்க மடக்கி வைத்திருப்பார். திருப்பும் கோணத்தின் எல்லையை அது கடந்துவிட்டால் அதனால் பயனில்லை. கழற்றாமல் கரும்புகை நிறப் படலம் ஒட்டுவோரும் உள்ளனர். ரிஃப்ளெக்டரில் ஒளி அப்படலத்தைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என இருமுறை கடக்கிறது. பாதி ஒளியை மறைக்கும் படலம் திரும்பும் ஒளியைக் கால்பங்காக்கிவிடும்.

இரண்டாவது வாதம் அழகியல். நிறுவனங்கள் அவலட்சணமான பிளாஸ்டிக்கைத் தொங்கவிடுகின்றன. அதை நீக்கினால்தான் வண்டியின் கோடுகள் தெரிகின்றன என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. பின் மட்கார்டின் நீட்சி பல மாதிரிகளில் வடிவமைப்பாளர் போட்டதாக அன்றி விதிகளைப் படித்த வேறொருவர் கடைசி நேரத்தில் ஒட்டியதாகவே தோன்றுகிறது. ஆனால் இவ்வாதத்தை முன்வைப்போர் மேற்கோள் காட்டும் ராபர்ட் பிர்சிக்கின் 1974-ஆம் ஆண்டு நூல் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். அந்நூலில் நண்பரின் பி.எம்.டபிள்யூ. வண்டியின் கைப்பிடி வழுக்குகிறது. பீர் டப்பாவின் தகரத்தைச் சிறு துண்டாக வெட்டி இடையில் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. விலையுயர்ந்த வண்டியில் பீர் டப்பாவா என்று நண்பர் முகம் சுளிக்கிறார். தகரம் என்ன செய்கிறது என்பதைக் கதைசொல்லி பார்க்கிறார். அது எதுவாகத் தோன்றுகிறது என்பதை நண்பர் பார்க்கிறார். நூலின் அக்கறை எவ்வகைப் பார்வையைக் கற்றுத்தருவதில் இருக்கிறது என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்நூலை மேசையில் வைத்துக்கொண்டு ரிஃப்ளெக்டரைக் கழற்றுபவர், தாம் அந்த நண்பரின் பாத்திரத்தை ஏற்றிருப்பதை உணர்வதில்லை.

மூன்றாவது வாதமே ஆய்வுலகத்துக்கு உரியது. பாதுகாப்பு விதிகள் உடலை ஒழுங்குபடுத்தும் அரசின் கருவிகள், தெருவெங்கும் கேமரா, ஒவ்வொரு வண்டியும் ஓர் எண், எனவே விதியை மீறிய வண்டி ஒரு சிறு எதிர்ப்பு என்பது. ஹைதராபாத்தில் இவ்வாதத்துக்கு ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை. இங்கு காவலர்கள் பின்புறத்திலிருந்து வண்டியைப் படமெடுப்பதும், இ-சலான் வீடு தேடி வருவதும் அன்றாடம்.

ஆனால் அதே பின்புறத்தைச் சற்று உற்றுநோக்கினால் இவ்வாதம் தலைகீழாகும். அங்கே ஒளி திருப்பும் பொருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பதிவுப் பலகை. அது அரசின் கண்ணுக்காக ஒளிர்கிறது. மற்றொன்று ரிஃப்ளெக்டர், அது சக பயணியின் கண்ணுக்காக ஒளிர்கிறது. முதலாவதை அரசு எண்ணிட்டு, பூட்டிட்டு, கண்காணிக்கிறது. 2024 மார்ச்சில் தெலங்கானாவின் பதிவெழுத்து டி.எஸ். என்பதிலிருந்து டி.ஜி. என மாறியபோது அவ்விரண்டு எழுத்துகளுக்காக எழுந்த விவாதம் நினைவிருக்கும். அதற்குக் கைப்பிடி தூரத்தில் இருக்கும் சிவப்பு வில்லைக்காக எவரும் வாய்திறந்ததில்லை. எண்ணைப் படிக்கும் கேமராவுக்கு ரிஃப்ளெக்டர் இல்லாதது ஒரு பொருட்டே அன்று. அரசுக்குப் பயன்படும் பலகையைக் கவனமாகக் காப்பாற்றி டெயில் டைடியில் ஏற்றிவிட்டு, மனிதருக்குப் பயன்படும் வில்லையைக் குப்பையில் போடுபவர் அரசை எதிர்க்கவில்லை. அரசின் முன்னுரிமையை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறார்.

மனிதரிடம் கேட்க வேண்டிய அறத்தைப் பொருள்களிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று புரூனோ லத்தூர் எழுதியதைக் கருத்தரங்குகளில் எடுத்துரைப்பவர்கள் பலர். காரின் இருக்கைப் பட்டையும் கதவின் மூடுகருவியும் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். ரிஃப்ளெக்டர் அவற்றைவிடத் தூய எடுத்துக்காட்டு. அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, தடுப்பதில்லை, தண்டிப்பதில்லை. ஒளி கேட்டால் ஒளி தருகிறது. தமிழில் ஒப்புரவு என்றொரு பழஞ்சொல் உண்டு. அதற்குப் பிளாஸ்டிக்கில் ஓர் உருவம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

இதில் வர்க்கமும் மறைந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் கரும்பு வண்டிகளின் பின்னால் காவலர்கள் சிவப்புத் துண்டுகளை ஒட்டிவிடும் காட்சியைச் செய்தித்தாள்களில் பார்க்கலாம். வேலை முடிந்து நெடுஞ்சாலையோரம் மிதிவண்டியில் திரும்பும் கூலித் தொழிலாளி, பழைய குறுந்தகட்டைப் பின்சக்கரத்துக்கு மேலே கட்டிக்கொள்கிறார். தெரியவேண்டும் என்பதற்காக அவர் குப்பையிலிருந்து ஒளியைப் பொறுக்குகிறார். இரண்டு லட்சம் ரூபாய்க்கு வண்டி வாங்கியவரோ தொழிற்சாலையே சோதித்துப் பொருத்தித் தந்த ஒளியைக் குப்பைக்கு அனுப்புகிறார். புலப்படாமல் இருப்பதை ஓர் அழகாகக் கருதமுடிவது, புலப்படாமையின் விலையை இன்னும் கொடுக்காதவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். அவ்விலையை அவர் மட்டும் கொடுத்தால் அது அவருடைய உரிமை என்றாவது சொல்லலாம். தெரியாத வண்டியின்மேல் மோதி, வாழ்நாள் முழுவதும் அந்த இரவைச் சுமக்கப்போகும் லாரி ஓட்டுநரிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை. விபத்துக்குப் பிந்தைய வழக்கமான வாக்கியம் 'லாரி மோதியது' என்பதுதான். அதன் எழுவாய் எப்போதும் லாரி.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மோதல் வகைகளில் முதலிடம் பெற்றது பின்னாலிருந்து மோதுவது. ஐந்து விபத்துகளில் ஒன்றுக்கு மேல் அவ்வகையைச் சேர்ந்தது. மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலான பொழுதே விபத்துகள் மிகுந்த பொழுது. இவை அனைத்தும் ரிஃப்ளெக்டர் இல்லாமையால் நேர்ந்தவை அல்ல. ஆனால் இருசக்கரம், பின்புறம், இருட்டும் வேளை என்னும் மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இருபது ரூபாய்ப் பெறுமானமுள்ள ஒரு பொருள் நிற்கிறது. அதை அங்கிருந்து அப்புறப்படுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம், அந்த இடத்தின் கனத்துக்கு ஈடாக இருக்கவேண்டும். 'பார்க்க நன்றாக இல்லை' என்பது ஈடாகாது.

செய்யவேண்டியது பெரிதொன்றும் இல்லை. டெயில் டைடி போட்டே தீரவேண்டும் என்போர், நம்பர் பிளேட்டின் கீழ்விளிம்பில் தரச்சான்று பெற்ற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றை நட்டு போட்டு, சாலைக்குச் செங்குத்தாக நிற்குமாறு பொருத்தச் சொல்லலாம். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. அத்தகடுகளைச் செய்வோரும் விற்போரும் அதற்கொரு துளையோடு செய்யலாம். பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள் நுழைய ஆண்டுதோறும் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் தருகின்றன. காப்பீட்டுத் தாளைக் கேட்கும் அதே மேசையில், பின்னால் ஒரு சிவப்பு வில்லை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். நூலகம் மூடிய பிறகு மாணவர்கள் விடுதிக்கு நடக்கும் வளாகச் சாலைகளில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பதை அம்மேசையில் இருப்பவர்களும் அறிவார்கள்.

அதுவரை, ஸ்பேனரைக் கையிலெடுப்பவர்கள் தம் வாக்கியத்தை ஒருமுறை முழுமையாகச் சொல்லிப்பார்க்கட்டும். வேற்றுமை உருபை விழுங்காமல், யாருக்கு என்பதையும் சேர்த்து. பின்னால் வருபவரின் பெயர் அவ்வாக்கியத்தில் வந்துவிட்டால், நட்டைக் கழற்றுவது அவ்வளவு எளிதாக இராது.